சொந்த மாஸ்டர் சாவியை ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ்ஸில் ஏற்ற முடியவில்லை, உதவுங்கள் (தீர்ந்தது)

வைகைக்கரை:
வணக்கம். ஸ்கேன் செய்த ஆவணங்களைப் பூட்டிச் சேமிக்கும் ஒரு சிறிய அமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி டேட்டா சாவி. அந்த டேட்டா சாவிகளை ஒரே மாஸ்டர் சாவியால் ஏஇஎஸ் ஜிசிஎம் என்ற குறியாக்க முறையில் பூட்டி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டேபிளில் வைத்திருக்கிறோம். ஏறக்குறைய 40,000 வரிசைகள் இருக்கும். மாஸ்டர் சாவி மட்டும் நான்கு வருடமாக சர்வரிலேயே ஒரு கோப்பாகக் கிடக்கிறது. அதைத்தான் அமேசானின் சாவி காக்கும் சேவையான கேஎம்எஸ்ஸுக்கு மாற்ற வேண்டும்.

'எக்ஸ்டர்னல்' வகைச் சாவி (உள்ளடக்கத்தை நாமே வெளியிலிருந்து ஏற்றுவது) உருவாக்கி, உறையிட அவர்கள் தரும் பொதுச் சாவியும், ஏற்றும்போது கூடவே அனுப்ப வேண்டிய இம்போர்ட் டோக்கனும் இறக்கினேன். உறையிடும் முறையாக ஓஏஈபியும், அதற்கான ஹாஷாக எஸ்எச்ஏ-256ம் தேர்ந்தெடுத்தேன். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கக் கருவியை வைத்து எங்கள் சாவியை உறையிட்டேன், அதாவது அந்தப் பொதுச் சாவியால் பூட்டினேன், அதில் எந்தப் பிழையும் இல்லை. ஏற்றும்போதுதான் 'இன்வேலிட் சைபர்டெக்ஸ்ட்' என்று வருகிறது. இரண்டு இரவாக இதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபுரவாசல்:
டோக்கன் இறக்கி எவ்வளவு நேரமாயிற்று? 24 மணி நேரம்தான் செல்லும். பொதுச் சாவியும் டோக்கனும் ஜோடி என்பதையும் பாருங்கள். நேற்றைய பொதுச் சாவியால் உறையிட்டு இன்றைய டோக்கனோடு அனுப்பினால் ஏற்காது.

வைகைக்கரை:
இரண்டும் இன்று மாலை ஒன்றாக இறக்கியவை.

பழையசர்வர்:
தம்பி, அந்தப் பிழைக்கு அர்த்தம், நீங்கள் அனுப்பிய உறையையே அவர்களால் பிரிக்க முடியவில்லை என்பது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓஏஈபி என்று மட்டும் சொன்னால் அது எஸ்எச்ஏ-1ஐ எடுத்துக்கொள்ளும். கேஎம்எஸ்ஸிடம் 256 என்று சொல்லியிருக்கிறீர்கள். பிகேஇயூடிஎல் கட்டளையில் ஓஏஈபி ஹாஷ் எஸ்எச்ஏ-256 என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று, அந்தச் சாவிக் கோப்பின் அளவு எத்தனை பைட்?

வைகைக்கரை:
ஹாஷைச் சரிசெய்தேன் அண்ணா, இப்போது பிழையின் பெயர் மாறிவிட்டது, 'இன்கரெக்ட் கீ மெட்டீரியல்' என்கிறது. கோப்பு 65 பைட்.

பழையசர்வர்:
65 என்றாலே தெரிந்துவிட்டது. 64 ஹெக்ஸ் எழுத்து (இரண்டு எழுத்து சேர்ந்தால் ஒரு பைட்), கடைசியில் ஒரு புதுவரிக் குறி. அவர்களுக்கு வேண்டியது வெறும் 32 பைட், பைனரியாக. ஆர்எஸ்ஏ 2048 பொதுச் சாவியால் போடும் உறைக்குள் 65 பைட்டும் தாராளமாக நுழையும், அதனால்தான் ஓப்பன்எஸ்எஸ்எல் வாயே திறக்கவில்லை. ஹெக்ஸை பைனரியாக மாற்றி, 32 என்று எண்ணிப் பார்த்துவிட்டு உறையிடுங்கள்.

அதற்கு முன் பழைய நிரல் அந்தக் கோப்பை எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள். சில ஸ்கிரிப்டுகள் கோப்பில் இருப்பதைக் கடவுச்சொல்லாக எடுத்து, அதிலிருந்து வேறு சாவி ஒன்றை உண்டாக்கும். அப்படியிருந்தால் உங்கள் கையில் இருப்பது சாவியே இல்லை.

வைகைக்கரை:
பார்த்தேன், ஹெக்ஸை 32 பைட்டாக மாற்றித்தான் பயன்படுத்துகிறது. ஏறிவிட்டது! மிக்க நன்றி அண்ணா. ஆனால் அடுத்த சிக்கல். டேபிளில் இருக்கும் பூட்டிய டேட்டா சாவி ஒன்றை எடுத்து கேஎம்எஸ் டிகிரிப்டுக்கு அனுப்பினால் மறுபடியும் 'இன்வேலிட் சைபர்டெக்ஸ்ட்'. அதே சாவிதானே?

பழையசர்வர்:
இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் தவறு. சாவி அதேதான், ஆனால் கேஎம்எஸ், தானே பூட்டியதை மட்டும்தான் திறக்கும். அது எதிர்பார்ப்பது வெறும் ஏஇஎஸ் வெளியீடு அல்ல, எந்தச் சாவியால் பூட்டியது என்ற அடையாளமும் சேர்ந்த அதன் சொந்த வடிவம். ஒரே 32 பைட்டை இரண்டு தனித்தனி கேஎம்எஸ் சாவிகளில் ஏற்றினாலும், ஒன்றால் பூட்டியதை மற்றொன்று திறக்காது. பல ரீஜன்களில் ஒரே சாவியாக இயங்கும் மல்டி-ரீஜன் சாவிகள் மட்டும் விதிவிலக்கு.

ஆவணங்களை நீங்கள் தொடவே வேண்டாம். டேட்டா சாவிகளை மட்டும் மாற்றிப் பூட்டினால் போதும். பழைய மாஸ்டர் சாவியால் உங்கள் இயந்திரத்திலேயே ஒன்றைத் திறங்கள், வரும் 32 பைட்டை கேஎம்எஸ் என்கிரிப்டுக்கு அனுப்புங்கள், விடையை டேபிளில் புது நெடுவரிசையில் எழுதுங்கள். பழைய நெடுவரிசை அப்படியே இருக்கட்டும். ஆவண எண்ணை என்கிரிப்ஷன் கான்டெக்ஸ்டாக, அதாவது திறக்கும்போதும் அப்படியே தரவேண்டிய கூடுதல் தகவலாகச் சேர்த்துவிட்டால், ஒரு வரிசையின் சாவியை இன்னொரு வரிசையில் ஒட்டி யாரும் ஏமாற்ற முடியாது. அந்த கான்டெக்ஸ்ட், அழைப்புகளைக் குறித்துவைக்கும் கிளவுட்டிரெயில் பதிவில் அப்படியே தெரியும் என்பதால் ஆள் பெயர், போன் எண் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள்.

கோபுரவாசல்:
செலவுக்கும் பயப்பட வேண்டாம். பெரும்பாலான ரீஜன்களில் 10,000 கேஎம்எஸ் அழைப்புக்கு 3 சென்ட். 40,000 என்றால் 12 சென்ட்தான்.

பழையசர்வர்:
ஒரு கேள்வி. எப்படியும் எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டப்போகிறீர்கள் என்றால், பழைய சாவியை ஏன் உள்ளே கொண்டுபோக வேண்டும்? நான்கு வருடம் டிஸ்கில் கிடந்த சாவி, எத்தனை பேக்கப்பில் அதன் நகல் இருக்கிறதோ. கேஎம்எஸ் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் அந்த நகல்கள் போய்விடாது. கேஎம்எஸ்ஸே ஒரு சாவியை உண்டாக்கட்டும் என்று விட்டுவிடலாமே.

வைகைக்கரை:
சாவியை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

பழையசர்வர்:
சரி, அப்படியென்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பழையதை அல்ல, புதிதாக 32 பைட் உண்டாக்கி, புது கேஎம்எஸ் சாவியில் ஏற்றுங்கள். வெளியிலிருந்து ஏற்றிய சாவிப் பொருளைக் காத்திருக்காமல் உடனே நீக்க முடியும், ஒப்பந்தத்தில் கேட்பது அதுதான். கேஎம்எஸ் சாவியையே முழுதாக நீக்குவதற்குத்தான் 7 முதல் 30 நாள் காத்திருப்பு. உடனே நீக்கலாம் என்பதாலேயே, அதன் மூல நகல் உங்கள் கையில் இல்லையென்றால் எல்லாமே போய்விடும். ஏற்றும்போது காலாவதித் தேதி கேட்கும். தேவையில்லையென்றால் 'எக்ஸ்பயர் ஆகாது' என்று கொடுங்கள். தேதி போட்டு மறந்தால் அந்த நாளில் ஒரு ஆவணமும் திறக்காது.

வைகைக்கரை:
முடிந்தது. புதுச் சாவியின் நகல்கள் இரண்டு, வெவ்வேறு இடத்தில், நெட்டில் இல்லாமல் இருக்கின்றன. எல்லா வரிசைகளையும் மாற்றிப் பூட்டி, ஒவ்வொன்றையும் கேஎம்எஸ் வழியாகத் திறந்து பழைய விடையோடு ஒப்பிட்டேன், ஒன்றுகூட மாறவில்லை. நேற்று நிரலையும் மாற்றிவிட்டேன். இனி பழைய மாஸ்டர் சாவியை அழித்துவிடலாமா அண்ணா?

பழையசர்வர்:
சர்வரிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். அழிக்க மட்டும் வேண்டாம். போன மாதத்து டேட்டாபேஸ் பேக்கப்பைத் திரும்ப ஏற்றும் நிலை வந்தால், அதில் இருப்பவை எல்லாம் பழைய சாவியால் பூட்டியவை. பேக்கப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?

வைகைக்கரை:
ஒரு வருடம்.

பழையசர்வர்:
அப்படியானால் பழைய சாவியும் ஒரு வருடம் இருக்க வேண்டும், கடைசிப் பழைய பேக்கப் கழியும் வரை. நாட்காட்டியில் தேதி குறித்துவிடுங்கள்.