மாட்ரிட்டுக்குப் பள்ளி ஓவியப் பயணம்: மகளுக்கு இந்திய பாஸ்போர்ட், என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

லீட்ஸ் அப்பா:

வணக்கம். மகள் இங்கே இங்கிலாந்தில் இயர் 10 படிக்கிறாள், 15 வயது. ஜி.சி.எஸ்.இ. என்ற பள்ளிப் பொதுத்தேர்வுக்கு ஓவியம் எடுத்திருக்கிறாள். மார்ச்சில் பள்ளியிலிருந்து மாட்ரிட் கூட்டிப் போகிறார்கள். ஞாயிறு போய் இறங்கி, புதன் காலை திரும்ப வேண்டும். பள்ளி அனுப்பிய தாளில் திங்கள் பிராடோ, செவ்வாய் ரெய்னா சோஃபியா என்று இரண்டு ஓவிய அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

எனக்கு இரண்டு கவலை. வகுப்பில் இவள் ஒருத்திக்குத்தான் இந்திய பாஸ்போர்ட். விசாவுக்கு எப்போது அலைய ஆரம்பிக்க வேண்டும்?

இரண்டாவது கொஞ்சம் வேறு மாதிரி. நன்றாக வரைவாள், ஆனால் யாராவது பக்கத்தில் வந்தால் கையால் மறைத்துவிடுவாள். என்னிடம்கூடக் காட்டுவதில்லை. "எல்லாரும் முகம் முகமாக வரைவார்கள், எனக்கு முகமே வராது, நான் போகவில்லை" என்கிறாள். எனக்கு ஓவியம் தெரியாது. அங்கே போய் அவள் தைரியமாக உட்கார்ந்து வரைய நான் என்ன சொல்லி அனுப்பலாம்?

இரட்டையர் அம்மா:

விசா பற்றி மட்டும் சொல்கிறேன். போன வருடம் என் பையன்களுக்கு இதே அலைச்சல்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் போனால் வாங்க மாட்டார்கள். அந்த 6 மாதம் தொடங்கியதுமே அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள், விடுமுறை நெருங்கினால் கிடைப்பது பெரும்பாடு. பள்ளியின் கல்விப் பயணத்தில் போகும் மாணவர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை என்பது ஷெங்கன் (ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விதியிலேயே இருக்கிறது. அதனால் "இது பாடத்தோடு சேர்ந்த பயணம்" என்று பள்ளியின் கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அதைக் கட்டியே ஆக வேண்டும்.

அப்பா, அம்மா இருவரின் சம்மதமும் வேண்டும். எங்களுக்கு அடி விழுந்தது இதில்தான். என் கணவர் ஊரில் இல்லாத நேரம், நான் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்குள் மூன்று வாரம் தூக்கமே இல்லை.

அப்புறம் பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள். பிள்ளைகளின் இந்திய பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான், நினைப்பதற்குள் முடிந்துவிடும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதிது எடுத்தால், இங்கிலாந்தில் தங்குவதற்கான இ-விசா கணக்கில் அந்த எண்ணைச் சேர்க்க மறக்காதீர்கள். திரும்பி வரும்போது அதைத்தான் பார்ப்பார்கள்.

கரித்துண்டு:

நான் மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. இதே பயணத்துக்கு நான்கு முறை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன்.

முதலில் ஒன்று, அண்ணா. ரெய்னா சோஃபியா செவ்வாய்க்கிழமை விடுமுறை! அந்தத் தாள் அப்படியே இருந்தால் பிள்ளைகள் அங்கே இருக்கும் பிகாசோவின் 'குவெர்னிகா' ஓவியத்தைப் பார்க்காமலே திரும்புவார்கள். இன்றே பள்ளிக்கு எழுதுங்கள். திங்கள் அன்று அது இரவு 9 வரை திறந்திருக்கும். காலையில் பிராடோ, மாலையில் ரெய்னா சோஃபியா என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். செவ்வாய் மறுபடி பிராடோ போகட்டும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம்தான். பள்ளிக் குழு என்பதால் முன்பதிவு மட்டும் வேண்டும்.

இனி உங்கள் மகளுக்கு. முகம் வரவில்லை என்றால் முகத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். கைகளை மட்டும் வரையட்டும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நான் என் வகுப்புக்குக் கொடுக்கும் வேலையே அதுதான். பிராடோவில் கூடங்களுக்குள் படம் பிடிக்க விடமாட்டார்கள். செல்போன் பைக்குள் போய்விடும், பார்த்தது கைவழியாகத்தான் வெளியே வர வேண்டும். பள்ளியில் நான் எவ்வளவு சொல்லியும் நடக்காதது அங்கே தானாக நடக்கும்.

ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த, ஏசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் படத்தில் தொடங்கலாம். இறந்த மகனின் உடல் எப்படி வளைந்து சரிகிறதோ, மயங்கி விழும் தாயின் உடலும் அப்படியே சரிகிறது. அவன் கையும் அவள் கையும் கிட்டத்தட்ட தொட்டுக்கொள்ளும் தூரத்தில் தொங்கும். என் மாணவி ஒருத்தி அந்த இரண்டு கைகளுக்கு முன்னால் 40 நிமிடம் நின்றாள்.

வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்', 1656. மூன்று மீட்டருக்கு மேல் உயரம். நடுவில் நிற்கும் சின்ன இளவரசிக்குப் பணிப்பெண் மண்டியிட்டு ஒரு சிவப்பு மண்குவளையை நீட்டுகிறாள். நீட்டும் கை, வாங்க வரும் கை, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கயிற்றை ஒட்டி நின்றால் இளவரசியின் சட்டைக் கை வெறும் சாம்பல், வெள்ளைத் தீற்றல்களாகத் தெரியும். பின்னாலேயே ஆறு அடி நடந்தால் அது வெள்ளி இழையாக மாறிவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் கோயா, 'மே 3, 1808'. நெப்போலியனின் படை மாட்ரிட் மக்களைச் சுட்டுக் கொன்றதை 1814இல் வரைந்தார். தரையில் ஒரு விளக்கு. வெள்ளைச் சட்டைக்காரன் இரண்டு கைகளையும் தூக்கி நிற்கிறான். அவன் வலது உள்ளங்கையில் ஆணி அடித்தது போன்ற ஒரு தழும்பு இருக்கும். சுடுபவர்களின் முகம் ஒன்றுகூடத் தெரியாது.

இதைப் பார்த்த அன்றே மாலையில் 'குவெர்னிகா'வைப் பார்ப்பது பெரிய கொடுப்பினை. குவெர்னிகா ஸ்பெயினில் ஓர் ஊர். 1937 ஏப்ரல் 26 அன்று அந்த ஊரில் குண்டு விழுந்தது, அதே ஆண்டு பிகாசோ வரைந்தார். அகலம் 7.77 மீட்டர். வலது ஓரத்தில் ஒருவர் கோயாவின் ஆளைப் போலவே கைகளை மேலே வீசி அலறுகிறார். இடப்பக்கம் இறந்த குழந்தையை ஏந்திய தாயின் தடித்த விரல்கள். கீழே, உடைந்த வாளைப் பிடித்த கை, அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பூ. ஒரு விரலாவது 'சரியாக' இருக்கிறதா என்று அவளையே கேளுங்கள். பிகாசோ முன்னோட்டமாக வரைந்து பார்த்தவையும், படம் கட்டம் கட்டமாக மாறியதைப் புகைப்படக் கலைஞர் டோரா மார் எடுத்த படங்களும் அங்கேயே இருக்கின்றன. போட்டுப் போட்டு மாற்றியிருப்பார். உங்கள் மகள் அவசியம் பார்க்க வேண்டியது அது.

2பி, 4பி பென்சில், ஏ5 ஸ்கெட்ச் புக், சின்னப் பை போதும். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். ஜி.சி.எஸ்.இ. ஓவியப் பாடத்தில் போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது படிக்கும்போது செய்த வேலைகளின் தொகுப்புக்கு மட்டும் 60 விழுக்காடு. பார்த்ததைப் பதிவு செய்வதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. அழித்துத் திருத்திய பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

லீட்ஸ் அப்பா:

டீச்சர், அன்று இரவே பள்ளிக்கு எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே திங்கள் இரண்டையும் வைத்து மாற்றிவிட்டார்கள். விசா விண்ணப்பத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம், கட்டணமும் கேட்கவில்லை. இரட்டையர் அம்மாவுக்கும் மிக்க நன்றி. "கை மட்டும் போதுமாம்" என்றேன். "யார் சொன்னது?" என்று கேட்டு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தாள்.

லீட்ஸ் அப்பா:

நேற்று திரும்பிவிட்டாள். பதினோரு பக்கமும் கைகள்தான். குவளையை நீட்டும் கையை மூன்று முறை வரைந்திருக்கிறாள். முதல் இரண்டில் கட்டைவிரல் ஒட்டவில்லை, மூன்றாவதில் வந்துவிட்டது. மூன்றையும் அவளே திறந்து காட்டினாள். இப்போது சாப்பாட்டு மேசையில் அவள் அம்மாவின் கையை வரைந்துகொண்டிருக்கிறாள்.