பொருள்: காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் பொறியைத் தமிழில் என்ன சொல்வது?

டோங்காட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் இருக்கும் எங்கள் கோயில் மண்டபத்துக்குக் காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் பொறி ஒன்று வந்திருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் நாளுக்கு 30 லிட்டர் தரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இவ்வூர் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. அதனால் இது ஏன் வந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையேட்டைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு படி சுவரில் ஒட்டப்படும். மற்றது சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு.

மூன்று சொல் வேண்டும். பொறிக்கு ஒன்று, உள்ளே இருக்கும் இரண்டு சுருள்களுக்கு ஒவ்வொன்று. 'வளிமண்டல நீர் உருவாக்கி', 'ஆவியாக்கி', 'ஒடுக்கி' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

டர்பனிலிருந்து:

தம்பி, பொறியின் பெயரைப் பிறகு பார்ப்போம். அந்த இரண்டு சுருள் பெயரும் இப்படியே அச்சேறினால் வேலையே தவறாக நடக்கும்.

கம்ப்ரசர் ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயுவை அமுக்குகிறது, வாயு சூடேறுகிறது. அது முதல் சுருளில் ஓடி, வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. அதனால் அந்தச் சுருளுக்கு ஒடுக்கி என்று பெயர். பிறகு மயிரிழை போன்ற கேப்பிலரி குழாய் வழியே போகும்போது அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. இரண்டாவது சுருளில் அந்தத் திரவம் கொதித்து மறுபடி வாயுவாகி, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதனால் அது ஆவியாக்கி. இரண்டு பெயரும் உள்ளே ஓடும் கேஸுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்து வைத்தவை.

கோயிலில் இருப்பவர் பார்ப்பது கேஸை அல்ல, தண்ணீரை. தண்ணீருக்கோ எல்லாம் தலைகீழ். காற்றில் உள்ள நீராவி திரவமாகிச் சொட்டுவது 'ஆவியாக்கி'யின் மேல்தான். 'ஒடுக்கி'யில் ஒரு சொட்டும் விழாது. 'நீர் படியும் சுருளை மாதம் ஒருமுறை கழுவுக' என்பதற்கு 'ஆவியாக்கியைக் கழுவுக' என்று எழுதினால், படிப்பவர் ஆவி எங்கே கிளம்பும் என்று தேடி, சூடாக இருக்கிற சுருளுக்குப் போவார். கை சுடும், தகடு வளையும். வழவழப்புப் படிந்த சுருள் கழுவப்படாமலே இருக்கும், அதில் வடிந்த நீரைத்தான் எல்லோரும் குடிப்பார்கள்.

ஜோகனஸ்பர்க்கிலிருந்து:

டர்பன் அண்ணா சொன்ன இயக்கம் சரி. ஆனாலும் ஒடுக்கி, ஆவியாக்கி இரண்டும் இலங்கைப் பாடநூல்களில் பல ஆண்டுகளாக நிலைத்த சொற்கள். ஒடுக்கம் என்றால் ஆவி திரவமாதல். அங்கே படித்தவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. கோயிலுக்கு ஒரு சொல், வகுப்புக்கு ஒரு சொல் என்று பிரித்தால், மேலே படிக்கப் போகும் பிள்ளை எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். கலைச்சொல்லை ஊருக்கு ஊர் மாற்றக்கூடாது.

சாட்ஸ்வர்த்திலிருந்து:

தம்பி, மேலே தமிழில் படிக்கப் போகும் பிள்ளை இந்த நாட்டில் எத்தனை பேர்? என் வகுப்பில் இருப்பவர்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள். 'வளிமண்டல நீர் உருவாக்கி' என்ற வரியை முடிப்பதற்குள் முதல் சொல் மறந்துவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கோ ஆவி என்றால் சளிக்குப் பிடிக்கிற ஆவி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் ஒடுக்கு என்ற வினைக்கு வேறொரு கனம் உண்டு. நிறவெறி ஆட்சியில் ஊரை விட்டுப் பெயர்த்து சாட்ஸ்வர்த்தில் குடியேற்றப்பட்டவர்களிடம் 'இதன் பெயர் ஒடுக்கி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

அன்பர்களே, 'உருவாக்கி'யை முதலில் நீக்குங்கள். இப்பொறி எதையும் உருவாக்கவில்லை. நீர் காற்றிலேயே இருக்கிறது. பொறி அதை இறக்கித் தருகிறது. பனைமரத்திலிருந்து கள் இறக்குவது போல என்று எண்ணி 'வளிநீர் இறக்கி' என்று பார்த்தேன். 'ஈரம்பிழி' என்றும் பார்த்தேன். மனத்துக்கு இசைந்தது 'வளிக்கேணி'. வளி பழஞ்சொல். புறநானூறு காற்றின் போக்கை அறிந்து கலம் செலுத்தியவனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறது. கேணியோ 'தொட்டனைத்து ஊறும் மணற்கேணி' என்று குறளில் வாழ்கிறது. இரண்டும் நம் சொல், மூன்றே அசை, நாவில் நிற்கும்.

புதுச்சொல் கூடாது என்பார்க்குத் தொல்காப்பியமே விடை: 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே.'

டர்பனிலிருந்து:

ஐயா, 'ஈரம்பிழி' வேண்டாம். சிலிக்கா ஜெல் போன்ற உறிஞ்சுபொருளில் ஈரத்தை ஏற்றி, பின் சூடாக்கி வெளியே வரவழைக்கும் இன்னொரு வகைப் பொறி உண்டு. பிழிவது என்றால் அதற்குத்தான் ஓரளவு பொருந்தும். வறண்ட காற்றிலும் அது வேலை செய்யும். இது குளிர்பதன வகை, ஈரக்காற்று இல்லாமல் ஆகாது.

கேணிக்கும் ஒரு தடை உண்டு. 'தொட்டனைத்து ஊறும்' என்றால் தோண்டத் தோண்ட ஊறும். இங்கே எவ்வளவு மின்சாரம் கொட்டினாலும் காற்றில் உள்ளதுதான் ஊறும். கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் நீர் உண்டு. அதை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராம் காற்றிலேயே தங்கும், 15 கிராம் வடியும். ஒரு லிட்டருக்குச் சுமார் 67 கன மீட்டர் காற்று போதும். 20 டிகிரி, 50 விழுக்காடு என்றால் இருப்பதே எட்டரை கிராம்தான். 5 டிகிரி வரை இறக்கினாலும் 2 கிராம் தேறாது, ஒரு லிட்டருக்கு 500 கன மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டும். ஜோகனஸ்பர்க் குளிர்காலத்தில் 15 டிகிரி, 30 விழுக்காடு என்று வைத்தால் பனிநிலையே, அதாவது காற்றின் ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலையே, பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். சொட்டு விழாது, சுருளில் உறைபனிதான் கட்டும்.

கேணி என்று பெயர் வைத்தால் ஜூலைக் குளிர்காலத்தில் பெட்டி பழுது என்று ஆள் கூப்பிடுவார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

கோடையில் வற்றாத கேணி எங்கே இருக்கிறது? நீர்மட்டம் இறங்கினால் கேணி வறளும். ஈரப்பதம் இறங்கினால் வளிக்கேணி வறளும். உவமை இன்னும் இறுகத்தான் செய்கிறது.

பனிநிலை என்றீர்கள். அப்படியானால் 'பனிப்பொறி' எப்படி? பனி என்பது தமிழில் விரிந்த சொல். முன்பனி, பின்பனி என்று பருவம். பனித்தல் என்றால் நடுங்குதல், துளித்தல். பனிகூர் கண் என்றால் நீர் நிறைந்த கண். குளிர்வதும் துளிர்ப்பதும் ஒரே வேரில் நிற்கின்றன. இப்பொறி செய்வதும் அவ்விரண்டே.

சாட்ஸ்வர்த்திலிருந்து:

'பனிநீர்' என்று யாராவது சேர்த்துச் சொன்னால் முடிந்தது ஐயா. பன்னீர் என்பதே பனிநீரின் மரூஉ என்று சொல்வார்கள். கல்யாணத்தில் வாசலில் தெளிப்பதை எல்லோருக்கும் தெரியும். கோயில் மண்டபத்தில் 'பனிநீர்ப் பொறி' என்று எழுதினால் பன்னீர் வரும் என்று நினைப்பார்கள்.

ஜோகனஸ்பர்க்கிலிருந்து:

பனிக்கு இன்னொரு தடை. லிம்போபோ மாநிலத்தில் சவுட்பான்ஸ்பெர்க் மலைப் பக்கம் ஒரு பள்ளியில் மூடுபனி பிடிக்க வலை கட்டியிருக்கிறார்கள். மூடுபனியில் நீர் ஏற்கெனவே துளியாக மிதக்கிறது, வலையில் மோதி வழிகிறது. கம்ப்ரசரும் இல்லை, மின்சாரமும் இல்லை. அதற்குத்தான் பனி என்ற சொல் தேவைப்படும். கண்ணுக்குத் தெரியாத நீராவியைக் குளிர்வித்து எடுக்கும் பொறிக்கு அதைச் செலவழிக்க வேண்டாம்.

இதே பொறிதான் 'காற்றுலர்த்தி' என்பதையும் மறக்கக்கூடாது. 1902இல் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்கு வகுத்த முறை, ஈரத்தில் தாள் விரிந்து சுருங்குவதைத் தடுக்கத்தான். அங்கே உலர்ந்த காற்று வேண்டியது, நீர் கழிவு. இங்கே நீர் வேண்டியது, உலர்ந்த காற்று கழிவு. ஆக பெயரில் நீர் இருந்தே ஆக வேண்டும். கேணியில் நீர் சொல்லாமலே இருக்கிறது என்று ஐயா சொல்லக்கூடும். எனக்கு அது போதவில்லை.

டோங்காட்டிலிருந்து:

நன்றி. புதன்கிழமை ஆகிவிட்டது. சுருள் இரண்டுக்கும் 'குளிர்ச்சுருள்', 'வெப்பச்சுருள்' என்று போடலாமா?

டர்பனிலிருந்து:

'குளிர்' சரி. 'வெப்பச்சுருள்' என்றால் கெட்டிலுக்குள் இருக்கிற கம்பி என்று நினைப்பார்கள். அது சூடாக்குவதற்கு என்றே இருப்பது. இது உள்ளே வந்த சூட்டை வெளியே தள்ளுவது.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

'தண்சுருள், வெஞ்சுருள்' என்க. வெம்மை ஈறு கெட்டு, மகரம் ஞகரமாய்த் திரிந்து வெஞ்சினம் போல வெஞ்சுருள். நன்னூல் விதி முழுதும் பொருந்தும்.

சாட்ஸ்வர்த்திலிருந்து:

விதி பொருந்தும் ஐயா. பிள்ளை 'வெஞ்'சில் நின்றுவிடும். சுடுநீர், சுடுசோறு என்று வீட்டில் சொல்கிறோம். 'சுடுசுருள்' என்று வையுங்கள். தொட்டால் சுடும் என்ற எச்சரிக்கையும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

சுடுசுருள் நல்ல சொல், அம்மா. ஒப்புக்கொள்கிறேன். சுட்ட, சுடுகின்ற, சுடும் சுருள்: வினைத்தொகை. அப்படியானால் மற்றதும் வினைத்தொகையாகவே நிற்கட்டும். குளிர்ந்த, குளிர்கின்ற, குளிரும் சுருள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எனவே 'குளிர்சுருள்'. நடுவில் ச் வரக்கூடாது.

டோங்காட்டிலிருந்து:

சுவர்ப்படிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

'காற்றுநீர்ப் பெட்டி. சாளரம் திறந்திருக்கும் இடத்தில் வைக்கவும். மூடிய அறையில் காற்று விரைவில் உலர்ந்துவிடும். கர்ப்பூரப் புகை, அடுப்புப் புகை படாத இடமாக இருக்கட்டும். புகையின் மணம் நீரில் இறங்கும். காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவவும். கரும்புத் தோட்டம் எரிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை. குளிர்சுருளில் ஐஸ் கட்டினால் பெட்டியை நிறுத்தி உருக விடவும். கத்தியால் சுரண்ட வேண்டாம். மின்வெட்டு முடிந்ததும் பெட்டியை இயக்கவும்.'

'காற்றுநீர்' என்று வைத்ததற்குக் காரணம், சாட்ஸ்வர்த் அக்கா, டர்பன் அண்ணா, இன்னும் மூவர் எனக்குத் தனியே எழுதி அதையே கேட்டார்கள். வளியா காற்றா என்று மேலும் ஒரு நாள் பேச நேரமில்லை.

டர்பனிலிருந்து:

கடைசி வரியை மாற்று தம்பி. மின்சாரம் வந்ததும் உடனே போடக்கூடாது. கேஸின் அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாவதற்கு முன் கம்ப்ரசரைக் கிளப்பினால் அது திணறும், சூடேறும், அடிக்கடி நடந்தால் எரிந்தே போகும். 'மின்சாரம் வந்தபின் 3 நிமிடம் பொறுத்து இயக்கவும்' என்று எழுது. மின்வெட்டில் நீரின் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கும் நின்றிருக்கும். ஒரு நாளுக்கு மேல் தேங்கிய நீரைக் குடிக்காமல் வடித்துவிடச் சொல்.

ஐஸ் பற்றியும் ஒரு வரி சேர். வடிகட்டி அடைத்தாலும், கேஸ் குறைந்தாலும், வெளியே குளிர் மிகுந்தாலும் ஐஸ் கட்டும். வடிகட்டியைக் கழுவியும், வெப்பமான நாளிலும் கட்டினால் கேஸ் கசிகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும்.

நீர் சப்பென்று இருக்கிறது என்று புகார் வரும். இது காய்ச்சி வடித்த நீர் போன்றது, உப்புச்சத்து ஏதுமில்லை. சுண்ணக்கல் துணுக்கு நிரப்பிய குழல் வழியே விட்டால் சுவை வரும். துணுக்கு கரையக் கரைய நிரப்ப வேண்டும். குடிநீருக்கான தென்னாப்பிரிக்கத் தரநிலையான சான்ஸ் 241 படி பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். கடற்காற்று உப்பில் அலுமினியத் தகடு அரிக்கும், மேல்பூச்சு உரிந்திருக்கிறதா என்று கழுவும்போதே பாருங்கள்.

மின்செலவையும் மறைக்க வேண்டாம். நல்ல ஈரக்காற்றிலேயே லிட்டருக்கு மூன்றில் ஒரு யூனிட்டுக்கு மேல், 30 லிட்டருக்குச் சுமார் 11 யூனிட். கடல்நீரைச் சுத்திகரிக்க ஆயிரம் லிட்டருக்கே 3, 4 யூனிட்தான். இது குடிக்க மட்டும். பாத்திரம் கழுவ ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியில் மழைநீர் பிடியுங்கள்.

ஜோகனஸ்பர்க்கிலிருந்து:

பிள்ளைகள் படியிலாவது 'குளிர்சுருள் அல்லது ஆவியாக்கி', 'சுடுசுருள் அல்லது ஒடுக்கி' என்று போடுங்கள். சுவருக்கு உங்கள் சொல்லை ஏற்கிறேன். வகுப்புக்கு ஏற்கவில்லை.

சாட்ஸ்வர்த்திலிருந்து:

வகுப்புப் படிக்குப் போடலாம். ஏன் ஒரே சுருளுக்கு இரண்டு பெயர் என்று நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறேன். கேஸுக்கு ஒரு அம்பு, தண்ணீருக்கு ஒரு அம்பு.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். வளிக்கேணியை நான் கைவிடவில்லை. அச்சுக்குப் போகுமுன் ஒன்று பாருங்கள்: தலைப்பில் 'காற்றுநீர்ப் பெட்டி' என்று ப் இட்டிருக்கிறீர்கள், தனியே அனுப்பிய இயக்கும் முறைப் பக்கத்தில் இரண்டிடத்தில் 'காற்றுநீர் பெட்டி' என்று இருக்கிறது. ப் வேண்டும்.