பொருள்: 'கன்ஸ்ட்ரெயின்ட் இன்ட்யூஸ்டு' சிகிச்சைக்குத் தமிழ்ச்சொல்

அன்பர்களே,
பக்கவாதத்தில் கை விழுந்தவர்களின் வீட்டாருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நல்ல கைக்கு விரல் பிரியாத தடித்த உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அதை முடக்கி, விழுந்த கையைத் தினம் 6 மணி நேரம், 2 வாரம் பழக்கும் முறைக்குப் பெயர் வேண்டும். 'கட்டுப்பாடு தூண்டிய இயக்கச் சிகிச்சை' வாயில் நுழையவில்லை.

*

'தளைப் பயிற்சி' எனலாமே. தளை என்றால் கைவிலங்கு, கால்விலங்கு. யாப்பில் சீரோடு சீரைப் பிணைப்பதும் தளைதான். அங்கே கட்டினால் ஓசை பிறக்கிறது, இங்கே அசைவு. 'அசை'யும் இரண்டுக்கும் பொது!

*

ஐயா, அழகுதான்; ஆனால் வீட்டில் படிப்பவர் 'தழை' என்று எடுத்துக்கொள்வார். அடிப்படைக் கருத்துக்கே இன்னும் சொல் இல்லை. இம்முறையை வகுத்த உளவியலாளர் எட்வர்ட் டவுப் குரங்கின் ஒரு கைக்குரிய உணர்வு நரம்புகளை மட்டும் வெட்டினார். இயக்க நரம்புகளில் பழுதில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையை எடுக்கவில்லை. நல்ல கையைச் சில நாள் கட்டிப்போட்டதும் எடுத்தது. தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்று, 'இது உதவாது' என்று கற்றுக்கொண்டிருந்தது. இதைக் 'கைமறதி' என்றால் சாவியை எங்கோ வைத்த கதையாகிவிடும். 'வழக்கொழிவு' என்பேன். வழக்கொழிந்த சொல் அகராதியில் இருக்கும், வாயில் வராது.

*

'வழக்கொழிவு' பொருந்துகிறது. சோற்றுக்கை விழுந்தவருக்குக் கரண்டியால் ஊட்டிவிடுவது பாசம்தான், வழக்கொழிவை வளர்ப்பதும் அதுவே. ஆனால் தலைப்பில் 'கட்டு' வேண்டாம். மாவுக்கட்டு என்று நினைப்பார்கள். இல்லையென்றால் துண்டால் கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தடுமாறினால் ஊன்றக் கை இருக்காது. உறை என்றால் படியிறங்கும்போதும், சூடான பாத்திரம் எடுக்கும்போதும், தண்ணீரில் புழங்கும்போதும் கழற்றிவிடலாம். எல்லாருக்கும் இது ஆகாது என்பதையும் போடுங்கள்: மணிக்கட்டு 20 பாகையும் விரல்கள் 10 பாகையும் தாமாக நிமிர வேண்டும் என்பது வழக்கமான அளவு. பயிற்சி, தட்டில் 10 புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்துக்கு மாற்றுவதுபோல் எளிதாகத் தொடங்கட்டும். அது கைவந்ததும் கிண்ணத்தைச் சிறிது உயர்த்தலாம். தோளைத் தூக்கியோ உடம்பைச் சாய்த்தோ எட்டினால் உயரம் அதிகம் என்று பொருள், இறக்கிவிட வேண்டும்.

*

நன்றி. நீங்கள் சொன்னதை வைத்துத் தலைப்பில் 'உறைப் பயிற்சி', உள்ளே 'வழக்கொழிவு' என்று கொடுக்கிறேன்.

*

இதே நெறியில் பேச்சிழந்தவருக்கும் சைகையை விலக்கிப் பேச்சுப் பயிற்சி தருகிறார்கள். அங்கே உறை ஏது? என் வாக்கு தளைக்கே.