அடிபுதை அரணம்: ஷூவா, செருப்பா?

முல்லைக்காரன்:
காலையிலிருந்து ஒரு படம் எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. "2000 ஆண்டுக்கு முன்பே ஷூ அணிந்த தமிழன்" என்று தலைப்பு, கீழே லேஸ் கட்டிய பழுப்பு ஷூ. ஆதாரமாம், சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் வணிகர்கள் "அடிபுதை அரணம்" போட்டுக்கொண்டு போகிறார்கள். போகட்டும். உரை எழுதிய நச்சினார்க்கினியர் அதைச் செருப்பு என்றுதானே சொல்கிறார்? லேஸ் எங்கே முளைத்தது?

கடல்வணிகன்:
படம் போட்டவன் நான்தான். லேஸை விடுங்கள், பாட்டைப் பாருங்கள். அடி, புதை. புதை என்றால் மூடு. அரணம் என்றால் காப்பு. பாதத்தை மூடினால் அது ஷூ. நச்சினார்க்கினியர் 14ஆம் நூற்றாண்டுக்காரர். தன் காலத்தில் பார்த்ததை எழுதிவிட்டுப் போனார்.

முல்லைக்காரன்:
ஆக, உரையாசிரியரும் போயாச்சு. சரி, அகநானூறு 101: "அடிபுதை தொடுதோல் பறைய ஏகி". அதே அடி, அதே புதை. மாடு பிடிக்கிற கொள்ளையர் செருப்புத் தேயத் தேய நடக்கிறார்கள். அவர்களுக்கும் ஷூ மாட்டிவிடுவீர்களா? உங்கள் பெரும்பாணாற்றுப்படையிலேயே இடையனின் கால் வருகிறது: "தொடுதோல் மரீஇய வடுஆழ் நோன்அடி". செருப்புப் போட்டுப் போட்டுத் தழும்பு ஆழமாக விழுந்த கால். வார் உராயாமல் அப்படித் தழும்பு விழுமா?

கடல்வணிகன்:
இடையன் வேறு, வணிகன் வேறு. நான் சொல்பவன் மலைப்பொருளும் கடல்பொருளும் கொண்டுபோகிறவன். அடுத்த சொல்லே "படம் புக்கு", அதாவது சட்டை போட்டிருக்கிறான். கச்சு கட்டி வாளும் வைத்திருக்கிறான். இத்தனையும் போட்டவன் காலில் மட்டும் ஹவாய் செருப்பா? தழும்பு ஷூவிலும் விழும். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

பழையவாத்தியார்:
புறநானூறு 257, "செருப்பிடைச் சிறுபரல் அன்னன்". பகைவரை உறுத்தும் வீரனைச் செருப்பில் மாட்டிய சிறு கல் என்கிறது. கல் உள்ளே போகிறதென்றால் திறந்த செருப்புதான். விவாதம் முடிந்தது.

கடல்வணிகன்:
எங்கே முடிந்தது வாத்தியாரே? செருப்பில் கல் ஏறினால் காலை ஒரு உதறு, போயிற்று. ஷூவுக்குள் போனால்தான் உயிரை எடுக்கும். வீரனுக்கு எது பொருத்தம்?

முல்லைக்காரன்:
அய்யா, பாட்டில் "செருப்பு" என்றே இருக்கிறது!

சும்மாவந்தவள்:
பதிற்றுப்பத்தில் "மிதியல் செருப்பின் பூழியர் கோவே" என்று வருகிறதே. அந்தச் சேரன் செருப்பே போடாதவனா?

பழையவாத்தியார்:
அது மலைம்மா. செருப்பு என்று பூழிநாட்டில் ஒரு மலை. மிதிக்கிற செருப்பு அல்ல என்று புலவரே "மிதியல்" போட்டுப் பிரித்துவிட்டார்.

கடல்வணிகன்:
கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பு மலையாகக்கூட இருக்கலாம். அடிபுதை அரணம் மட்டும் ஷூவாக இருந்துவிடக் கூடாது.

முல்லைக்காரன்:
ரோமானியப் படைவீரர் போட்ட கலிகாவை எல்லாரும் பூட்ஸ் என்றுதான் எழுதுகிறார்கள். அடியில் ஆணி அடித்து, கணுக்கால் வரை வார் ஏறும். கலிகுலா என்ற பேரரசனின் பட்டப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்தக் கலிகாவிலும் விரல் வெளியே தெரியும். பேரை வைத்து உருவத்தைக் கற்பனை செய்யாதீர்கள்.

கடல்வணிகன்:
ரோமானியன் விரல் தெரியப் போட்டாலும் பூட்ஸ், தமிழன் அடியை மூடிப் போட்டாலும் செருப்பு! வேட்டி விவாதத்திலும் இதே ஆள், இதே வேலை. பழைய இழையைத் தோண்டிப் பாருங்கள்.

முல்லைக்காரன்:
வேட்டி விவாதத்தில் பாதியில் ஓடியது யார் என்பதும் அங்கேயே இருக்கிறது.

உமணன்:
எந்தத் தமிழன் போட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர்த்தெருவுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று யாரை மிரட்டினார்கள்? புறநானூறு 82இல் தோல்வார் கோத்துக் கட்டில் பின்னுகிறவனுக்கு என்ன பெயர்? "இழிசினன்". தோலைத் தொட்டவனுக்கு அந்தப் பெயர், போட்டுக்கொண்டு நடந்தவனுக்கு உங்கள் பெருமை.

கடல்வணிகன்:
திசைதிருப்ப வேண்டாம். இங்கே பேச்சு "புதை" என்ற சொல்லைப் பற்றி.

உமணன்:
உங்களுக்குப் புதை. எனக்குச் செருப்பு.

சும்மாவந்தவள்:
இழிசினன் என்பது அப்போது வசவா, இல்லை வெறும் தொழில்பெயரா?

உமணன்:
"இழி" என்பது வசவா என்று என்னிடம் கேட்கிறீர்களா? நன்றாக இருக்கிறது.

பழையவாத்தியார்:
மேலே முல்லைக்காரன் "போயாச்சு" என்று எழுதியிருக்கிறார். "போயாயிற்று" என்பதே சரி.

முல்லைக்காரன்:
வாத்தியாரே, நீங்கள் யார் பக்கம்?

பழையவாத்தியார்:
தமிழ்ப் பக்கம்.

கடல்வணிகன்:
அப்படியானால் என் பக்கம். மறுபடியும் சொல்கிறேன்: அடி. புதை. மூடாத ஒன்றைப் "புதை" என்று எந்தப் பாட்டாவது சொன்னால் கொண்டுவாருங்கள்.

முல்லைக்காரன்:
அகம் 101. மூன்றாவதாக நீங்கள் எழுதிய பதிலுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டேன். படிக்கவில்லையா?

கடல்வணிகன்:
படித்தேன். அதுவும் ஷூதான்.