கப் கேடட் 122: முன்னால் மாட்டிய பனி வீசும் கருவி சுமை ஏறியதும் நின்றுவிடுகிறது

ஏரிக்கரைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கிறேன். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960களின் நடுவில் செய்த கப் கேடட் 122 தோட்ட டிராக்டர் ஒன்றைப் பண்ணை ஏலத்தில் வாங்கி, ஒரு கோடைக்காலம் முழுவதும் செலவிட்டு ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தேன். கோலர் கே301 எஞ்சின், 12 குதிரைத்திறன். காலையில் முதல் முயற்சியிலேயே உயிர் பெறுகிறது. அதே நிறுவனத்தின் 42 அங்குலப் பனி வீசும் கருவியை வேறொருவரிடம் தனியாக வாங்கிச் சென்ற மாதம் முன்புறத்தில் பொருத்தினேன்.

புதிதாகப் பெய்த மென்பனியில் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சாலையைச் சுத்தம் செய்யும் பெரிய வண்டி எங்கள் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் ஈரமான, கெட்டித்த பனிக்குள் நுழைந்தவுடன், பனியை வாரும் திருகுச் சுருள் நின்றுவிடுகிறது. எஞ்சின் மட்டும் திணறாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கருகிய ரப்பர் நாற்றமும் வருகிறது. இரண்டு முறை பெல்ட் கழன்றும் விழுந்தது. குறை பெல்ட்டில் இருக்கிறதா, எஞ்சினின் விசையைக் கருவிக்கு இணைக்கும் முன்புறக் கிளட்ச்சில் இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டறிவது? கிளட்ச்சைக் கழற்ற வேண்டியிருந்தால், அறுபது வயதை நெருங்கும் அந்த வார்ப்பிரும்பு உடையாமல் கழற்றும் முறையைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழம்பட்டறை

வணக்கம் ஐயா. முதலில் இந்த வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது போல. 1961இல் வந்த முதல் கப் கேடட்டில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே பெல்ட் இருந்தது. 1963இல் வந்த 70, 100 மாடல்களிலிருந்து அந்தப் பெல்ட்டை எடுத்துவிட்டு, எஞ்சினின் பறக்குசக்கரத்தை (ஃபிளைவீல்) ஓட்டுநர் பக்கம் திருப்பி, அங்கிருந்து நேராக ஒரு தண்டின் வழியே கியர் பெட்டியை ஓட்டினார்கள். ஆகவே எஞ்சின் சுழற்றும் கிராங்க் தண்டின் மறுமுனை வண்டியின் மூக்குப் பக்கம் வந்துவிட்டது. உங்கள் கிளட்ச்சும், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியும் அந்த முனையிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

கிளட்ச் விடுபட்டிருக்கும்போது புல்லி தன் பேரிங்கின் மேல் சும்மா நிற்கும். பிடித்தவுடன் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். எனவே சோதனை எளிது. நீங்கள் வண்டியை ஓட்ட, இன்னொருவர் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, சுருள் நிற்கும் அந்த நொடியில் எஞ்சின் புல்லியை மட்டும் கவனிக்கட்டும். புல்லி சுற்றிக்கொண்டிருக்க பெல்ட் நின்றால் குறை பெல்ட்டின் பக்கம். புல்லியே நின்றுவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

கிளட்ச் என்று தெரிந்தால், அதைக் கழற்றும் முன் நடுவில் இருக்கும் சிறிய அழுத்துக் குமிழைப் பாருங்கள். கிளட்ச் பிடித்திருக்கும் நிலையில் அந்தக் குமிழுக்கும் அதைத் தள்ளும் நெம்புகோலுக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இடைவெளி இல்லாமல் உரசிக்கொண்டே ஓடினால் குமிழ் சூடேறித் தேய்வதோடு, கிளட்ச்சில் உள்ள ஸ்பிரிங்குகளின் முழு அழுத்தமும் உராய்வுத் தட்டுக்குப் போய்ச் சேராது. பலருடைய வண்டியில் இதை மட்டும் சரிசெய்ததிலேயே குறை தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், புல்லியின் பள்ளத்தில் மூன்று துளைகள் தெரியும். அவற்றில் ஆலன் சாவியால் திருகும் செட் ஸ்க்ரூக்கள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். மேலே உள்ளதை எடுத்தவுடன் துளை காலியாகிவிட்டது போலத் தோன்றும். அடியில் இருப்பது துருவும் கிரீஸும் மூடிக் கண்ணுக்குத் தெரியாது. அது உள்ளே பிடித்திருக்கும்போதே புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி இழுத்து, புல்லியின் விளிம்பை உடைத்தவர்கள் அநேகம். ஒரு மெல்லிய ஆணியால் துளையின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விளக்கு அடித்துப் பாருங்கள். துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் சாவியை மெதுவாகத் திருகுங்கள். சுத்தியல் எந்தக் கட்டத்திலும் வேண்டாம்; சுத்தியலின் அதிர்ச்சி கிராங்க் தண்டுக்கும் அதன் பேரிங்குக்கும் நேராகப் போகும்.

மிச்சிகன் உழவன்

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பெல்ட் இரண்டு முறை கழன்றது என்பதால், என் கணிப்பில் பொருத்தத்திலும் ஒரு குறை இருக்கிறது. 1971 வரை வந்த கப் கேடட்டுகளின் சட்டம் (வண்டியின் அடிச்சட்டகம்) ஒடுக்கமானது; அதற்குப் பின் வந்த 108, 128 போன்றவற்றின் சட்டம் அகலமானது. இரண்டுக்கும் செய்த முன்புறக் கருவிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், விற்பவர்களுக்கே பல நேரம் வேறுபாடு தெரிவதில்லை. கொக்கிகளில் மாட்டிக்கொண்டது என்பதற்காக அது உங்கள் வண்டிக்கானது என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

ஒரு நூலை எஞ்சின் புல்லியின் முகத்தில் இழுத்துப் பிடித்து, கருவியின் புல்லி வரை கொண்டு போங்கள். இரண்டு புல்லிகளின் முகங்களும் ஒரே கோட்டில் நூலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் எத்தனை புதிய பெல்ட் மாட்டினாலும் அது ஒரு பக்கமாக ஏறிக் கழலும். கருவியைத் தரையில் இறக்கிய நிலையிலும் தூக்கிய நிலையிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். முன் அச்சின் மையப் பின் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தாலும் சுமையில் வண்டியின் மூக்கு சாய்ந்து கோடு விலகும்.

பெல்ட் வாங்கும்போது காருக்கானதை வாங்காதீர்கள். இழுவிசை தரும் இடைப்புல்லி பெல்ட்டை முதுகுப் பக்கமாக வளைக்கிறது; அதைத் தாங்குவதற்கு உள்ளே கெவ்லார் இழை வைத்த பெல்ட்டே ஏற்றது.

வார்ப்பிரும்பு

வழுக்கலைச் சரிசெய்த மறுநாள் முழுச் சுமையும் கருவியின் சங்கிலிக்கும் கியருக்கும் போகப் போகிறது என்பதால், வெட்டுப் போல்ட்டை இன்றே பார்த்துவிடுங்கள். கல்லோ கட்டையோ சிக்கினால் தான் முறிந்து மற்றவற்றைக் காப்பதற்காகவே அது இருக்கிறது. போல்ட்டின் தலையைத் துடைத்துப் பாருங்கள்: ஆறு கோடுகள் இருந்தால் அது கிரேடு 8, மூன்று கோடுகள் என்றால் கிரேடு 5; எண் ஏற ஏறப் போல்ட் கெட்டி. அடிக்கடி முறிகிறது என்று அலுத்துப்போய் முந்தைய உரிமையாளர் கெட்டிப் போல்ட்டைப் போட்டு வைத்திருப்பது சாதாரணம். அந்தப் போல்ட் முறியாது. அதற்குப் பதில் எளிதில் கிடைக்காத கியர் பெட்டி முறியும். உங்கள் கருவிக்குக் கையேடு குறிப்பிடும் வெட்டுப் போல்ட்டையே போடுங்கள்.

அதோடு, போல்ட்டை எடுத்துவிட்டு அந்த இணைப்பைக் கையால் சுற்றிப் பாருங்கள். துருவினால் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சரியான போல்ட் போட்டும் பயனில்லை. இவற்றையெல்லாம் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றிய பிறகே செய்யுங்கள். சுருளில் பனி அடைத்தாலும் அதே ஒழுங்குதான், அதைக் கட்டையால் தள்ளுங்கள், கையால் வேண்டாம்.

ஏரிக்கரைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் மகளைத் தள்ளி நிற்க வைத்துச் சோதித்தோம். புல்லி நின்றுவிட்டது என்று அவளே கூவினாள். ஆகவே குறை கிளட்ச்சில் இருந்தது. குமிழ் ஏறத்தாழத் தட்டையாகத் தேய்ந்து, நெம்புகோலோடு ஒட்டி நின்றது. புதுக் குமிழ் போட்டு இடைவெளி வைத்த பிறகு, வாசலில் கிடந்த கெட்டிப் பனியைச் சுருள் ஒருமுறைகூட நிற்காமல் வாரி வீசியது. கிளட்ச்சைக் கழற்றும் தேவை இப்போதைக்கு இல்லை. ஆனாலும் துளைகளைச் சுரண்டிப் பார்த்தேன். இரண்டில் அடி ஸ்க்ரூ இருந்தது, மூன்றாவதில் இல்லை.

நூல் பிடித்துப் பார்த்ததில் கருவியின் புல்லி கால் அங்குலம் வலப்பக்கம் விலகியிருக்கிறது. வெட்டுப் போல்ட்டின் தலையில் ஆறு கோடுகள். அதைக் கழற்றிய பிறகும் இணைப்பு அசையவில்லை, எண்ணெயில் ஊறவிட்டிருக்கிறேன். சரியான போல்ட்டுகளும் கெவ்லார் பெல்ட்டும் வரும் வரை ஈரப் பனிக்குள் கருவியை இறக்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சட்டத்தின் அகலத்தை அளந்து சனிக்கிழமை இங்கே படத்தோடு எழுதுகிறேன். உழவன் ஐயா அதைப் பார்த்து, இந்தக் கருவி ஒடுக்கச் சட்டத்துக்கானதா என்று சொல்ல வேண்டும்.