காட்டுப்பன்றியை எதிரில் பார்த்தவர்கள் மட்டும் எழுதுங்கள்

தாளவாடிக்காரன்:
காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றிய அரசாணையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு. போன ஐப்பசி, மக்காச்சோளம் பால் பிடித்திருந்த நேரம். பரணில் நான்தான் காவல். இரண்டு மணி இருக்கும், தட்டை முறியும் சத்தம். டார்ச் அடித்தேன். தாய்ப்பன்றி ஒரு தட்டையை நெஞ்சால் சாய்த்து மிதித்தபடி நிற்கிறது. உடம்பெல்லாம் கோடு போட்ட குட்டிகள் ஐந்து, அந்தக் கதிரில் முட்டி மோதித் தின்கின்றன. தகர டின் கையில்தான் இருந்தது. தட்டவில்லை. காலையில் முக்கால் ஏக்கர் படுத்துக் கிடந்தது. “தூங்கிவிட்டாயா?” என்றார் அப்பா. ஆமாம் என்றேன்.

கொழிஞ்சாம்பாறை:
பாலக்காட்டில் 2022 முதல் பன்றியைச் சுடப் பஞ்சாயத்துத் தலைவரே அனுமதி கொடுக்கலாம். லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் வந்தார், ஒரே குண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. மூன்று வருடம் கிழங்கையே கண்ணில் பார்க்காதவன் நான். குழியில் இறக்கி, யாரும் தோண்டித் தின்றுவிடக் கூடாதென்று மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். குழி வெட்டிய பெரியவர் பன்றியைப் பார்க்கவில்லை, கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரேஷனில் அரை லிட்டருக்கு நான் நடக்கிற நடை...” என்றார். அந்த வாடை வந்தாலே இப்போதும் அவர் முகம்தான்.

வரப்போரம்:
தாளவாடி நண்பருக்கு: பால் பிடிக்கும் பருவத்தில் தனியாளாகப் பரணில் இருந்ததே தவறு. இரண்டு பேர் வேண்டும், முறை வைத்துத் தூங்க வேண்டும். வரப்பைச் சுற்றி ஆமணக்கு நெருக்கமாகப் போடுங்கள். பழைய சேலைகளை இரண்டடி உயரத்தில் கட்டுங்கள், நிறம் மாற்றி மாற்றி. சலூனில் முடி வாங்கி வந்து தூவலாம். சூரிய மின்வேலி போட்டால் அதற்கான கருவி வழியாக மட்டும். வீட்டு லைனிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தால் பன்றிக்கு முன் மனிதன் விழுவான், வழக்கும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கம்பக்கத்தார் சேர்ந்து மனுக் கொடுங்கள். நான் பன்றியைப் பார்த்தது ஒரே முறை, திம்பம் மலைப்பாதையில், பஸ் ஜன்னல் வழியாக.

கடலைக்காடு:
வரப்போரம் ஐயா, சேலைக்கு ஒரு வாரம் பயந்தது. எட்டாம் நாள் என் மனைவியின் வளைகாப்புச் சேலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடியது. மனு கொடுக்கச் சொல்கிறீர்கள். தமிழக அரசின் 2025 ஜனவரி ஆணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டினால்தான் வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது. எங்கள் நிலக்கடலை 800 மீட்டரில் இருக்கிறது. அதிகம் இழப்பவனுக்கு அனுமதி குறைவு. எந்த மேசையில் உட்கார்ந்து கோடு போட்டார்களோ!

மேய்ச்சல்:
சுடச் சொல்பவர்கள் ஒன்றைக் கேளுங்கள். பன்றிக்கென்று யாரோ வைத்த அவுட்டுக்காயை, தீனிக்குள் வெடிமருந்து வைத்த உருண்டையை, எங்கள் கிடை நாய் கடித்துவிட்டது. கீழ்த்தாடை இல்லை. அப்படியே வீடுவரை நடந்து வந்து, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றது. குடிக்கத் தெரியாமல் என்னைப் பார்த்தது. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

கொழிஞ்சாம்பாறை:
அவுட்டுக்காய் வேறு, அனுமதியோடு சுடுவது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மேய்ச்சல்:
அனுமதியோடு சுட்டாலும் கணக்கு நேராக வராது. இங்கிலாந்தில் மாட்டுக் காசநோயைப் பரப்புகின்றன என்று 1998 முதல் 2005 வரை பேட்ஜர்களை, வளை தோண்டி வாழும் காட்டு விலங்குகளை, கொன்று சோதித்தார்கள், ஏறக்குறைய 11,000. மிஞ்சியவை எல்லை கலைந்து அலைந்ததில், சுற்றுவட்டார மாடுகளுக்கு நோய் கூடியது. பன்றியும் அப்படித்தான் என்று சாதிக்கவில்லை. கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை யார் தோட்டத்துக்குப் போகும் என்று மட்டும் கேட்கிறேன்.

கடலைக்காடு:
என் தோட்டத்துக்கு. வேறு எங்கே?

தாளவாடிக்காரன்:
இந்த வருடம் மரவள்ளி. பரணில் அப்பாதான் படுக்கிறார், என்னை நம்பவில்லை. நேற்று பத்து மூடு தோண்டிக் கிடந்தது. கேட்டால், தூங்கிவிட்டேன் என்கிறார்.

வரப்போரம்:
மரவள்ளி என்றால் ஆமணக்கு ஒரு வரிசை போதாது, மூன்று வரிசை போடுங்கள்.