அட்ரோஃபி: தேய்வா, நலிவா, சுருக்கமா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். நோயாளிகளின் வீட்டாருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எம்ஆர்ஐ படத்தை வைத்து மறதி நோயின் (டிமென்ஷியா) வகைகளை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதுதான் பொருள். அல்சைமரில் பெரும்பாலும் மூளையில் நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும் முதலில் 'அட்ரோஃபி' ஆகின்றன, அதாவது திசு குறைந்து சிறுத்துப்போகின்றன. ஃப்ரன்டோடெம்போரல் வகையில் நெற்றிப் பக்கமும் பொட்டுப் பக்கமும். 'அட்ரோஃபி'க்குத் தமிழில் 'தேய்வு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர்:
தேய்வதற்கு உரசல் வேண்டும். குறள் 888-இல் அரம் பொருது பொன் தேய்கிறது. நற்றிணை 284-இல் களிறுகள் எதிரெதிரே பற்றி இழுக்கும் பழங்கயிறு தேய்கிறது. அந்த உவமையாலேயே புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர். மூளையில் எதை எது உரசுகிறது? 'நலிவு' என்று எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
நிலவை எது உரசுகிறது ஐயா? தேய்பிறை என்கிறோமே.

தமிழாசிரியர்:
தேய்பிறைக்குப் பின் வளர்பிறை வரும். இந்த நோயில் போனது திரும்பாது. வீட்டாருக்கு வீண் நம்பிக்கை தரலாமா?

கதிரியல் மருத்துவர்:
நலிவு என்றால் வலுக் குறைவு. நாங்கள் படத்தில் பார்ப்பது அளவுக் குறைவை. 1992-இல் வந்த ஷெல்டன்ஸ் அளவுகோல் 0 முதல் 4 வரை மதிப்பிடுவதே ஹிப்போகாம்பஸின் உயரம் எவ்வளவு குறைந்திருக்கிறது, பக்கத்து இடைவெளிகள் எவ்வளவு அகன்றிருக்கின்றன என்று பார்த்துத்தான். 'மூளை சுருங்கியிருக்கு' என்றால் வீட்டாருக்கு உடனே புரிகிறது. அப்புறம், எந்தச் சொல்லை எடுத்தாலும் அதையே எல்லா வகைக்கும் அடையாளமாக்கிவிடாதீர்கள். ரத்தக்குழாய் வகையில் முக்கியமாகத் தேடுவது ஃப்ளேர் என்ற எம்ஆர்ஐ வகைப் படத்தில் தெரியும் வெள்ளைத் திட்டுகளையும் பழைய அடைப்புகளின் வடுக்களையும். லூயி பாடி (மூளைச் செல்களில் சேரும் புரதத் திரள்) வகையில் ஹிப்போகாம்பஸ் அல்சைமர் அளவுக்குக் கெடாமல் இருப்பதே ஒரு துப்பு. படம் மட்டும் போதாது, நோயாளியின் நடத்தையும் சேர்ந்தால்தான் முடிவு.

தமிழாசிரியர்:
தொட்டாற்சுருங்கியும் திரும்ப விரிகிறதே டாக்டர்! போதாததற்கு, 'அறிக்கைச் சுருக்கம்' என்றொரு பகுதியும் கையேட்டில் இருக்குமே.

மொழிபெயர்ப்பாளர்:
அந்தக் குழப்பம் வராமல் 'சுருக்கம்' என்பதை 'சுருங்குதல்' என்று மாற்றிக்கொள்ளலாமா?

பராமரிப்பாளர் ஒருவர்:
சுருங்குதல் நல்ல சொல். ஆனால் கையேட்டின் தலைப்பில் உள்ள 'மறதி நோய்' என்னை உறுத்துகிறது. என் அத்தைக்கு ஃப்ரன்டோடெம்போரல். முதலில் போனது ஞாபகம் இல்லை, குணம்தான். 'மறதி இல்லையே' என்று நாங்கள் மருத்துவரிடம் போகவே இல்லை. அதை முதலில் மாற்றுங்கள்.

தமிழாசிரியர்:
அதற்குத் தனி இழை வேண்டும் அம்மா. சுருங்குதலுக்குப் பெரும்பான்மை இருப்பதால் விட்டுக்கொடுக்கிறேன். சொற்பட்டியலில் 'நலிவு' என்பதையும் என் மாற்றுக் கருத்தாகப் பதிந்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
பதிகிறேன் ஐயா. தலைப்பை இப்போதைக்கு 'டிமென்ஷியா வகைகள்' என்று மாற்றி அனுப்புகிறேன். நல்ல தமிழ்ச் சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.